அம்சவல்லி கொடுத்த ஒரு மரக்கால் சாமை

அம்சவல்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரல் தானாக ஏறிவிடும். "கொஞ்சம் மெதுவா பேசுங்க, அக்கம்பக்கத்துல சண்டைன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்பாள் என் மனைவி சகுந்தலா. நினைக்கட்டும். சண்டை போட வேண்டிய விஷயம்தான் இது. போட வேண்டிய இடத்தில் போட முடியவில்லை, அதனால் வீட்டில் கத்துகிறேன்.

திருப்பத்தூரில் எனக்குப் புளி மண்டி. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் புளி எடுக்க வருஷா வருஷம் ஏறுவேன். அம்சவல்லிக்கு ஐந்தாறு புளிய மரம், பாறைச் சரிவில் கொஞ்சம் நிலம். புருஷன் கருப்பன் பலாமரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு ஏர் ஓட்டுவது முதல் எல்லாம் அவளே. வாய் என்றால் வாய். "அண்ணா, தராசைப் பாத்து நிறு, என் மூஞ்சியப் பாத்து நிறுக்காத" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சொல்லுவாள். நான் சிரித்துக்கொண்டே நிறுப்பேன். அவளிடம் ஏமாற்று வேலை நடக்காது என்று நினைத்திருந்தேன். நடந்தது. செய்தவர்கள் என்னைப்போல வியாபாரிகள் இல்லை, படித்தவர்கள்.

எண்பதாம் வருஷம் ஒரு ஜீப் வந்தது. நான் அவள் வாசலில் புளி நிறுத்துக்கொண்டிருந்தேன். டிரைவரைத் தவிர ஜீப்பில் மூன்று பேர். தேவராஜ் என்பவர் பட்டணத்து ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் விஞ்ஞானி. இன்னொருவர் என்ஜினீயர், சரிவு, மண், தண்ணீர் ஓட்டம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். மூன்றாவது ஆள் ஒரு வெள்ளைக்காரர். எந்த நாட்டுத் தானியம் எந்த நாட்டைப் பிழைக்க வைக்கிறது, அதை வைத்து யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று எழுதுகிறவராம். தேவராஜ் அவர் கேள்வியைத் தமிழில் சொன்னார்: "வெளிநாட்டுக் கோதுமைக் கப்பல் நின்னு போனா நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?"

"கப்பல் வந்தாலும் சாமைதான், வராட்டியும் சாமைதான்" என்றாள் அம்சவல்லி. வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தேவராஜ் வந்ததே அந்தச் சாமைக்காகத்தான். அந்த ஊரில் மட்டும் விளைகிற கருஞ்சாமை அது. சீக்கிரம் கதிர் வரும், பாறை மண்ணிலும் நிற்கும். ஒரு கைப்பிடி போதும் என்று பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

அம்சவல்லி பையைத் தள்ளிவிட்டாள். அந்த மலையில் விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கைப்பிடியாகவும் தர மாட்டார்கள்; ஒரு கொல்லை முழுக்க விதைக்கிற அளவுக்குத் தர வேண்டும். வாங்குகிறவர் துணியை விரித்துத்தான் வாங்க வேண்டும். வெள்ளைக்காரர் கைக்குட்டையை எடுத்து விரித்தார். ஊரே சிரித்தது. கடைசியில் தேவராஜ் ஜீப் டிரைவரின் துண்டை உருவி விரித்தார். அம்சவல்லி மண் பூசி மூடியிருந்த விதைக்கூடையை உடைத்து, தலை தட்டாமல் ஒரு மரக்கால் அளந்து கொட்டினாள்.

துண்டு விரித்து வாங்கியவருக்கு ஒரு கடமை உண்டு. தந்தவர் ஊரில் என்றைக்காவது விதை அற்றுப்போனால், அவர்தான் முதலில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். தந்தவரைக் கேட்க வைப்பதே கேவலம். மலையில் இது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

அதன் பிறகு வானம் பொய்த்தது. எண்பத்திரண்டில் விதைத்தது முளையிலேயே கருகியது. மிச்சத்தை மறுபடி விதைத்தார்கள், அதுவும் கருகியது. எண்பத்து மூன்று ஆனியில் நல்ல மழை பிடித்தபோது, ஊரில் ஒரு வீட்டிலும் கருஞ்சாமை இல்லை. அதிகாரிகள் மானிய விலையில் ஏதோ கீழ்நாட்டு விதை கொண்டுவந்து, வேண்டுமா என்று கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் சடையன் வாங்கலாம் என்றுதான் சொன்னார். அம்சவல்லி எழுந்து நின்றாள்.

"வாணாம் மாமா. நம்ம வெதை பட்டணத்துல கீது. துண்டு விரிச்சி வாங்கினவங்க. நான் போய் எடுத்தாறேன். நீங்க ஏர் ஓட்டி வெய்யுங்க."

அவள் பேச்சை நம்பி ஊர் மானிய விதையைத் திருப்பி அனுப்பியது. வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இவர்கள் ஏர் பூட்டினார்கள்.

அவள் என் மண்டிக்கு வந்து நின்றாள். பட்டணம் போன பழக்கம் அவளுக்கு இல்லை, நானும் கூடக் கிளம்பினேன். ரயிலில் போகும்போது நான் கேட்டேன், "ஏன் தங்கச்சி, குடுக்கும்போதே திருப்பித் தரணும்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொண்ணு குடுக்கறப்போ சோறு போடுங்கன்னு சொல்லியா குடுக்கறாங்க? இன்னாண்ணா பேசுற நீ" என்றாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் தேவராஜ் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். காப்பி வரவழைத்தார். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அம்சவல்லி காப்பியைத் தொடவில்லை. "வெதை வேணும் சார். ஊரே காத்துகினு கீது. ஆடிக்குள்ள விதைக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்கே குளிர் அறையில் வைத்திருந்தது அடிக்கடி கரன்ட் போனதில் கெட்டுவிட்டதாம், போட்டால் முளைக்காதாம். பாதியை அப்போதே அந்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்; நன்றாக இருப்பது அதுதான். அங்கே குளிர் அறையில் பத்திரமாக இருக்கிறது. விதைத்தும் பார்த்திருக்கிறார்கள், பிரமாதமாக வந்ததாம்.

"அப்போ ஒரு மரக்கால் அனுப்பச் சொல்லுங்க சார்" என்றேன் நான்.

"அது என் கையில இல்லைங்க. உலகத்துல விதை யாருக்குச் சொந்தம்னு நாடுகளுக்குள்ள பெரிய தகராறு நடக்குது. அது முடியற வரைக்கும் அவங்களும் தர மாட்டாங்க. நாம கேட்டாலும் டில்லி வழியாத்தான் கேட்கணும். இப்ப அது ரெண்டு நாடு சம்பந்தப்பட்ட விஷயம்."

அம்சவல்லி அவரையே பார்த்தாள். "நான் அளந்து கொட்டனப்போ எந்த நாடு சார் வந்து துண்டு விரிச்சிது? நீதானே விரிச்ச?"

தேவராஜ் மெதுவாகச் சொன்னார், "உங்க விதை வீண் போகலம்மா. இந்தச் சாமையப் பத்தி எங்க ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை நாட்டுல படிக்கிறாங்க தெரியுமா? ஜவ்வாது மலைன்னு பேர் போட்டிருக்கோம்."

அடப்பாவிகளா! பேர் போட்டார்களாம். அந்தப் பேரை வேகவைத்துத் தின்ன முடியுமா? நான் மேஜையைத் தட்டி எழுந்தேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை, வாட்ச்மேன் உள்ளே வந்தது நினைவிருக்கிறது. பயிர் படித்திருக்கிறான், என்ஜினீயரிங் படித்திருக்கிறான், உலக அரசியல் படித்திருக்கிறான். வாங்கினதைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் இத்தனை பேர் படித்ததில் எந்தப் பாடத்திலும் இல்லையா? அம்சவல்லி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அவள் கத்தவில்லை. வாய்க்காரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பத்தூரில் இறங்கியதும் மானிய விதைக்கு அலைந்தோம். தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நான் மண்டியோடு நின்றிருக்கலாம். அவளைத் தனியாக மேலே அனுப்ப மனசு வரவில்லை. பஸ்ஸில் மழை ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. அவ்வளவு நல்ல மழை.

ஊர் எல்லையில் இருந்தே உழுத நிலம் தெரிந்தது. சரிவு முழுக்கக் கிளறி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி வைத்திருந்தார்கள். ஆம்பிளையும் பொம்பிளையுமாக எதிரே வந்தார்கள். சிலர் கூடையோடு வந்தார்கள். எங்கள் இரண்டு பேர் கையும் வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே நின்றது.

சடையன் முன்னால் வந்தார். அவருக்குக் கோபம் இல்லை, பதைப்புதான். விதை வாங்கினவன் தராமல் இருப்பான் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே காரணத்தைக் கேட்டார்.

"இன்னாம்மா, வெதை செத்துப்போச்சா?"

"சாவல மாமா" என்றாள் அம்சவல்லி. "உசுரோட நல்லாத்தான் கீதாம். அவங்க நாட்டுல முளைச்சி கதிரும் வுட்டுச்சாம்."

"அப்புறம் இன்னா?"

"நமக்குக் குடுக்க மாட்டாங்களாம்."

சடையன் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது மாற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். செத்துப்போச்சு என்றிருந்தால் அந்த ஊர் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். இதற்கு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஈர மண்ணில் கூடைகளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.