பத்மா அக்காவின் வேம்பும் நான் கழற்றாத கட்டும்

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்மா அக்கா காலமாகிவிட்டார் என்று கிருலப்பனையிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் அந்தப் பொய்யின் முன்னால்தான் தண்ணீர் வாளியோடு நின்றேன்.

வெள்ளவத்தையில் கடலோரமாக உள்ள ஒரு மாடிக்குடியிருப்பின் காவலாளி நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை பிடிக்க அக்கா இல்லை என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

அக்கா கீழ்வீட்டில் இருந்தவர். எலும்பு முறிந்தவர்களின் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்முற்றத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டார். பின்னேரக் காற்றில் அது நித்திரையில் நடப்பதுபோல அசையும். டான்ஸ் கிளாஸில் சேர்ப்போமா என்று கேலி பண்ணிவிட்டு, தடி நட்டு, நைலோன் கயிற்றால் கழுத்துவரை இறுக்கிக் கட்டினேன். அக்கா வந்து கயிற்றை அறுத்தார். தன் பழைய நீலச் சேலையைக் கிழித்து, தாழ்வாக, விரல் நுழையும் அளவு தளர்த்திக் கட்டினார்.

“ஒரு வருஷம் போதும் தம்பி, பிறகு கழட்டிப் போடு. எலும்பு பொருந்தின பிறகும் பிளாஸ்டரை விட்டு வைச்சா கால் மெலிஞ்சு போகும். ஆடினாத்தான் தண்டு பெருக்கும்.”

பிறகு உடம்புக்கு வருத்தம் வந்து மகள் வீட்டுக்குப் போனார். ஞாயிறுதோறும் அழைப்பார். தன் சுகத்தை இரண்டு சொல்லில் முடித்துவிட்டு, கன்றைப் பற்றியே கேட்பார்.

“கட்டைக் கழட்டினியா?”

“ஓம் அக்கா.”

“நிக்குதா?”

“உங்களை மாதிரித்தான். ஒருத்தர் சொல்லும் கேக்காம நிக்குது.”

சிரிப்பார். நான் கழற்றவில்லை. காற்று முறித்துவிட்டால் அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது?

மலர்ச்சாலையில், பெட்டிக்குள் அக்கா, எல்லாம் தெரியும் என்பதுபோலக் கிடந்தார்.

மறுநாள் பின்னேரம் சேலைத் துண்டை அவிழ்த்தேன். கடல் வெளிச்சம் இலைக்குள் வந்து போனது. கன்று ஒருமுறை நன்றாகச் சாய்ந்தது. பிடிக்கக் கையை நீட்டினேன். பிறகு, வார்டில் யாரோ முதல்முறை கால் ஊன்றுவதுபோல மெல்ல நிமிர்ந்து, ஆடிக்கொண்டே நின்றது.

“கழட்டிப்போட்டன் அக்கா. நிக்குது. நீங்க போயிட்டு வாங்கோ.”

சொல்லிவிட்டுத் தடியில் சாய்ந்தேன். அது அடியில் எப்போதோ உக்கிப்போயிருந்தது. கன்றுக்குப் போட்டிருந்த சாணி உரத்துக்குள் நான் விழுந்தேன்.