கண்ணுக்குள் ஒரு பழைய தழும்பு

என் இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டத் தொடங்கியபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பார்வையில் கரும்புள்ளிகள் மிதந்தன. பிறகு எல்லாமே புகைமூட்டமாகிவிட்டது. நாச்சியாபுரத்தில் எங்கள் வீட்டில் மாமியார் அதற்கு ஒரே காரணம்தான் சொன்னார்: நான் படிக்கிறேன்.

பிறந்த வீட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். வயல் வேலை முடிந்து வந்ததும் ஏதாவதொன்றை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மாமியாருக்கு அது ஆகாது. "பொம்பளை எந்நேரமும் எழுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு அவியாம என்ன செய்யும்?" என்று பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஏதோ இலைச்சாறு. நெருப்பாய் எரிந்தது. மறுநாளும் கிண்ணத்தோடு அவர் வந்தபோது கையைத் தட்டிவிட்டேன்.

"இது என் கண்ணு அத்தை. இனிமே டாக்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது."

என் கணவர் பயந்த சுபாவக்காரர். ஆனாலும் மறுவாரமே என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மதுரை பஸ்ஸில் ஏற்றித் தானும் கூட வந்தார்.

கண் டாக்டர் இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை காத்திருக்க வைத்தார். பிறகு இருட்டறை. என் தலைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. அவர் கையில், நடுவில் ஓட்டை போட்ட சின்னக் கண்ணாடி. அதன் வழியே என் கண்ணுக்குள் பார்ப்பார், மேசைக்குப் போய்க் கலர் பென்சிலால் வரைவார், திரும்ப வந்து பார்ப்பார். முடித்ததும் படத்தை என் கணவரிடம் காட்டி அவரிடமே பேச ஆரம்பித்தார்.

"கண்ணு என்னோடது. எங்கிட்டக் காட்டுங்க" என்றேன்.

டாக்டர் திகைத்துப்போனார். பிறகு என் நல்ல கண்ணுக்கு நேராகப் படத்தைப் பிடித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் வேர்போல ஓடும் ரத்தக் குழாய்கள். நடுவில் மங்கலான மஞ்சள் திட்டு. அதை ஒட்டி, ஓரம் கறுத்த ஒரு வெள்ளைத் தழும்பு.

"மஞ்சளா இருக்கறது இப்ப வந்த வீக்கம். கலங்கின ஊருணிக்கு அடியில கல்லு கிடந்தா எப்படித் தெரியும்? அப்படித்தான் தெரியுது. பக்கத்துல இருக்கறது பழைய தழும்பு. சின்ன வயசுலயே வந்து ஆறியிருக்கணும். அதோட ஓரத்துல திரும்பக் கிளம்பியிருக்கு."

"படிச்சதால வந்ததா?"

"படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. எதனால வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியலை."

திரும்பும் வழியில் கணவர் மெதுவாகச் சொன்னார்: "பழைய தழும்புன்னு வீட்டுல சொல்லிறாத. சீக்காளியை மறைச்சுக் கட்டிவச்சுட்டாகன்னு ஆத்தா ஊரைக் கூட்டிரும்."

"சொல்லாட்டி, படிச்சுக் கெட்டவன்னு ஆகிருவேன். சொல்லத்தான் போறேன்."

வாசலில் கால் வைத்ததுமே சொன்னேன். அவர் பயந்தபடியேதான் நடந்தது. "அப்ப சீக்காளியைத்தான் எங்க தலையில கட்டிருக்காக! உங்க ஆத்தா வீட்டுக்குக் கிளம்பு!" என்று மாமியார் தெருவே கேட்கக் கத்தினார்.

"எங்க ஆத்தாளுக்கும் தெரியாது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நான் போகமாட்டேன். பெட்டிச் சாவியைக் குடுங்க."

அப்போது கணவர் முன்னால் வந்து, "குடுத்துரு ஆத்தா" என்றார். தாயை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மாதக்கணக்கில் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கழிந்தது. அடுத்து டாக்டர் வரைந்த படத்தில் மஞ்சள் திட்டும் வெளுத்து, ஓரம் கறுத்திருந்தது. நோய் அடங்கிவிட்டது, நடுப்பார்வை திரும்பவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பார்த்தால் காதும் முடியும் இருக்கும், முகம் இருக்காது. வலது கண்ணை நோய் தொடவில்லை. மறுபடி வரலாம் என்று டாக்டர் எச்சரித்தார். வரட்டும் என்று பெட்டியைத் திறந்து படித்தேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி வாசலில் நின்றபடியே, "இது ஒட்டுமா?" என்று கேட்டாள். "பக்கத்துல வந்து உக்காருங்க, பாப்போம்" என்றேன்.

பல வருஷம் கழித்து, என் மகளை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியபோது மாமியார் குறுக்கே வந்து நின்றார். "இவ கண்ணும் போகணுமா?"

"போனா மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்ப வழியை விடுங்க அத்தை, மணி அடிச்சிருவாக."