பத்தொன்பதாவது ஆள்

எழுபதுகளில் நான் மெல்பேர்னில் பொறியியல் படித்தபோது எங்கள் கல்லூரிக்கு ஒரு ஃபுட்போல் அணி இருந்தது. முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஓடுகிற அந்த ஊர் ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். என்னைப் போன்ற ஈர்க்குக் குச்சிக்கு மைதானத்துக்குள் வேலை இல்லை. ஆனால் கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று எப்படியோ அறிந்த கப்டன், ஆள் எண்ணும் வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.

சிரிக்க வேண்டாம். எதிரணிக் கப்டனுக்குச் சந்தேகம் வந்தால், நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி எங்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணலாம். ஓர் ஆள் கூடுதலாக நின்றாலும் அதுவரை எடுத்த புள்ளியெல்லாம் பூச்சியம். ஆகவே கோட்டுக்கு வெளியே நின்று நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

பருவத்தின் நடுவில் எங்கள் பின்வரிசைப் பெடியன் ஒருவன் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். என்னோடு நல்ல வாரப்பாடு. அவனுடைய தாய்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அணிக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருவார். மகனை அடக்கம் செய்த அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்துதான் என் கணக்குப் பிழைத்தது. முதல் தரம் எண்ணினால் பத்தொன்பது. மறுபடி எண்ணினால் பதினெட்டு. எல்லாச் சனிக்கிழமையும் இதே கதை. என் அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் சொன்னேன்.

“பதினெட்டு மட்டும் எண்ணத் தெரியாமலே பிளேன் ஏறி வந்தனீ?” என்றார்.

கண்ணாடியை மாற்றினேன். பலனில்லை. எதற்கும் இரண்டு தரம் எண்ணுவது என்று பழகிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் இறுதிச் சுற்று. கப்டனுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்க, ஐந்து புள்ளி முன்னால் நின்றோம்; அந்த ஆட்டத்தில் ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. அப்போது எதிரணிக் கப்டன் கையை உயர்த்தியபடி நடுவரை நோக்கி நடந்தான். எண்ணக் கேட்கப் போகிறான் என்று பதறிப்போய் எண்ணினேன். பத்தொன்பது. இரண்டாம் தரம் எண்ண நேரமில்லை. கிட்ட நின்ற பின்வரிசைக்காரனைக் கத்திக் கூப்பிட்டு வெளியே எடுத்துவிட்டேன்.

எதிரணிக் கப்டன் வேறு ஏதோ முறைப்பாடு சொல்லிவிட்டுத் திரும்பினான். ஆட்டம் தொடர்ந்தது. மறுபடி எண்ணினேன். பதினேழு. திரும்ப ஓடு என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அந்த வெற்றிடத்தால் பந்து போய் கோல் ஆனது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. ஒரு புள்ளியால் தோற்றோம்.

கூடுதலாக நீ கண்ட ஆள் யார் என்று கப்டன் எல்லாருக்கும் முன்னால் கேட்டான். பத்தொன்பது பேர் நின்றார்கள் என்றேன். அவன் திரும்பி உள்ளே போனான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தில் அழுதேன்.

அந்தத் தாய் மட்டும் போகாமல் நின்றார். பத்தொன்பதாவது ஆள் எங்கே நின்றான் என்று மெதுவாகக் கேட்டார். இடப்பக்கக் கோல் கம்பத்தடியைக் காட்டினேன்.

“கை இரண்டையும் சட்டைக் கைக்குள்ளே இழுத்து வைத்திருந்தானா?”

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சேற்றில் இறங்கி, நான் காட்டிய இடத்தை நோக்கி நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ட்ராமுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்திருந்தால் கம்பத்தடியில் எத்தனை பேரை எண்ணியிருப்பேன் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குப் பயம்.