மறுகாலில் வைத்த மண்

பாகம் பிரித்தபின் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரு கிணறு மட்டுந்தான். ஊர்க் குளத்துக்கு வரும் ஓடையை ஒட்டி இருந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசியில், அது பழுப்பாகிவிட்டது. வாயில் வைத்தால் துவர்த்தது.

ஓடைக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டில் தோல் பதனிடும் ஷாப்பு. தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரும் ஆவாரம்பட்டைச் சாறும் அந்த ஓடையில்தான் விழும். நான் அங்கே சுமைக்காரன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்? அதனால் கிணறு கெட்டதும் ஊரே என்னைத்தான் ஏசியது.

"ஒங்க மொதலாளிய வந்து ஒரு செம்பு குடிக்கச் சொல்லுலே," என்றார் அண்ணன்.

ஏச்சு பழகிவிட்டது. பயந்தான் பழகவில்லை. சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ஷாப்பு வந்து எத்தனையோ வருசம் ஆயிற்று. இத்தனை நாள் கெடாத கிணறு இப்போது ஏன் கெட வேண்டும்?

அப்போதுதான் கடற்கரை நினைவுக்கு வந்தது. தோலுக்கு உப்பு ஏற்றிவர லாரியில் தெற்கே போவேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆறு கடலில் விழும். கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் பின்வாங்கும். சாக்கடையும் மீன்கழிவும் கூடவே மேலே ஏறி நிற்கும். கடல் இறங்கினால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம் திரும்பி வரும், மறுபடி போகும். ஒரு தடவை ஆற்றின் வாயை மணல் மூடியிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தண்ணீர் கறுத்து, மீன் செத்து மிதந்தது. அடுத்த தடவை மணலை வெட்டிவிட்டிருந்தார்கள், தெளிந்து கிடந்தது.

எங்கள் குளத்துக்கு வாய் மறுகால். நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். அந்த வருசம் வயல்காரர்கள், நெல்லுக்கு ஒரு பாய்ச்சல் கூடுதலாகக் கிடைக்கட்டுமென்று, அதன்மேல் கல்லும் மண்ணும் வைத்து ஒரு முழம் உயர்த்தியிருந்தார்கள். முன்னால் நின்று வைத்தவர் அண்ணன். குளம் ததும்பி ஓடைக்குள் ஏறியது. ஷாப்புத் தண்ணீர் போக வழியில்லாமல் கிணற்றோரமே தேங்கிவிட்டது.

டீக்கடையில் வைத்து, கடற்கரையில் கண்டதை அண்ணனிடம் சொன்னேன். "மறுகால் மண்ண எடுக்கணும்ணே. தண்ணி போனாத்தான் அழுக்கும் போகும்."

"கடலப் பாத்துட்டு வந்துட்டாருப்பா! நம்ம குளத்துல கப்பல் விடுவாரு," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "ஷாப்புக்காரன் பேச்சக் கேட்டு என் நெல்லு காயணுமாலே? நெல்லிக்கட்டை போட்டா கெணறு தானா தெளியும், போ."

சிறுமலையிலிருந்து நெல்லிக்கட்டை கொண்டுவந்து போட்டார். எட்டு நாள் பார்த்தேன். கட்டைதான் கறுத்தது.

ஒன்பதாம் நாள் காலை மண்வெட்டியோடு போய் மறுகாலை வெட்டினேன். பயம் அண்ணனை நினைத்து மட்டுமில்லை. தேங்கிய அழுக்கு முழுதும் ஒரேயடியாகக் கீழூர்க் குளத்துக்குத்தான் போகும். அங்கேயும் கிணறு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆற்றின் அழுக்கைக் கடல் வாங்கிக்கொள்ளும். நமக்கு ஏது கடல்? தெரிந்தேதான் வெட்டினேன்.

அண்ணன் ஓடிவந்து மண்வெட்டியைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தார். "இனிமே ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல." அதற்குள் உடைப்பு அகலமாகிவிட்டது, அந்த வருசம் அடைக்க முடியவில்லை.

அடுத்து வந்த மழை ஓடையைக் கழுவிக்கொண்டு போனது. கிணற்றில் துவர்ப்பு விட்டது. மகள் எழுந்து நடமாடினாள். நெல்லிக்கட்டை வேலை செய்துவிட்டதென்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த வாரமே கீழூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் கையில் ஒரு செம்பு, அதில் பழுப்புத் தண்ணீர்.

"எவன்யா மறுகால வெட்டுனது?"

அத்தனை நாளும் என்னோடு பேசாத அண்ணன் என் பக்கம் கை நீட்டினார். "இந்தா நிக்கிறாரு, கடல் பாத்தவரு. அவரையே ஒரு செம்பு குடிக்கச் சொல்லுங்க."

வாங்கிக் குடித்தேன். துவர்த்தது.