இன்டர்நெட்டிலும் லயம்தானா?

போன வாரம் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நானுஓயாவில் ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டியபோதும் ஏணியில் ஏறியவன் நான்தான். இடையில் ஒரு வருஷம்கூட ஓடவில்லை.

பலகை யோகராணியுடையது. ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், என்னைப் போலவே லயத்து அறையில் பிறந்தவள். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறைகள். லயம் முழுக்க ஒரே விலாசம்தான் — தோட்டத்தின் பெயர். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது வீட்டுக்கு வரும்... வராமலும் போகும். டீச்சர் வேலைக்கான இன்டர்வியூ கடிதம் ராணியின் கைக்கு வந்தபோது இன்டர்வியூவே முடிந்துவிட்டது. அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள், மூன்று அறை வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து கெஸ்ட் ஹவுஸ் தொடங்கினாள். ஏப்ரல் சீசன் கைகொடுத்தால் குத்தகை நீளும். இல்லையென்றால் மறுபடி லயம். பெரிய ஹோட்டல்களுக்கு நடுவே இவளை யார் தேடி வரப்போகிறார்கள்? அதற்காகவே ஒரு வெப்சைட்டும் போட்டாள்.

மார்ச்சில் அறை கேட்டு ஈமெயில்கள் வந்தன. இவளும் உடனுக்குடன் பதில் போட்டாள். ஒருத்தரும் மறுபடி எழுதவில்லை. வெப்சைட்டோடு வந்த மெயிலிலிருந்துதான் எழுதினாள். ஓசி மெயில் போதாதா என்பீர்கள். கடை பெயரில் மெயில் வராவிட்டால் நம்மை யார் நம்புவார்கள், சொல்லுங்கள்?

ஒருநாள் கண்டியிலிருந்து ஓர் அம்மா போன் பண்ணினார். "ரெண்டு தடவ எழுதினேன், பதிலே இல்லையேம்மா. நாங்க வேற எடம் பாத்துட்டோம்."

"ஐயோ, நான் அன்னைக்கே போட்டேனேங்க!"

வெப்சைட்டை வைத்திருந்த கொழும்புக் கம்பனிக்குப் பேசினோம். அங்கிருந்த பையன் சாவகாசமாக விளக்கினான். "நீங்க எடுத்தது ஷேர்ட் ஐ.பி. மேடம். ஒரே அட்ரஸ்ல நெறைய வெப்சைட் இருக்கும். அதுல யாரோ குப்பை மெயில் அனுப்பியிருக்காங்க. அதனால அந்த அட்ரஸையே பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்க. உங்க மெயிலும் போகாது."

ராணி என்னைப் பார்த்தாள். "இன்டர்நெட்லயும் லயமாண்ணே?"

தனியாக வேண்டுமென்றால் டெடிகேட்டட் ஐ.பி. இருக்கிறதாம். மாதாமாதம் கூடக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் யோசிக்கச் சொன்னேன்.

"கஞ்சி குடிச்சாலும் தனி வெலாசத்துல குடிக்கிறேண்ணே" என்றாள்.

எடுத்தாள். எல்லோருக்கும் மறுபடி எழுதினாள். அதே மௌனம்! திரும்பவும் போன். திரும்பவும் அதே பையன்.

"அந்த அட்ரஸ முந்தி வச்சிருந்தவரு கொஞ்சம் மோசமான ஆளு மேடம். பிளாக்லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்கோம். நாளாகும்."

"நான் குடி வந்ததே இப்பத்தான் தம்பி. முந்தி இருந்தவன் செஞ்சதுக்கு என்னையவா தண்டிப்பாங்க?"

"சிஸ்டம் அப்பிடித்தான் மேடம்."

கூட்டு விலாசம் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரன் பாவம் நம் தலையில். தனி விலாசம் எடுத்தால் பழைய குடித்தனக்காரன் பாவம். எதைத்தான் எடுப்பது? தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே முகம் மாறுகிற ஆபீஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெஷினாவது பாகுபாடு பார்க்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்!

ஏப்ரல் வந்தது. நுவரெலியாவில் பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம்... தங்க இடமில்லாமல் ஜனங்கள் வேனுக்குள்ளேயே தூங்கினார்கள். ராணி விரித்துவைத்த பெட்ஷீட்கள் கசங்கவே இல்லை. அவற்றை அவள் திரும்ப மடித்து வைத்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

குத்தகை முடிந்து, போன வாரம் பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்தபோது அவளுடைய போன் அடித்தது. கம்பனிப் பையன்தான்.

"குட் நியூஸ் மேடம்! உங்க அட்ரஸ் கிளீன் ஆயிருச்சு!"

ராணி நிதானமாகச் சொன்னாள். "வேற யாருக்காச்சும் குடுங்க தம்பி. முந்தி குடியிருந்தவங்க நல்லவங்கன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."