டிரம்ஸ் மட்டும்

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இருக்கிற பொத்தான்களை எல்லாம் அழுத்துவார்கள். பிறகு கதவைத் தட்டுவார்கள். அதற்கும் பிறகுதான் சுவரில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண் கண்ணில் படும். அந்த எண்ணுக்கு அழைத்தால் எடுக்கிற ஆள் அவர். எடுத்ததும் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"பயப்படாதீங்க. லிஃப்ட் நிக்கும், விழாது. அப்படியே கீழ உக்காருங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

அவர் குரலில் பதற்றம் துளிகூட இருக்காது. அதைக் கேட்டுவிட்டு உள்ளேயே தூங்கிப்போனவர்களும் உண்டு என்று சொல்லிக்கொள்வார். நம்புவதும் நம்பாததும் நம் பாடு.

நண்பர்களுக்கு அவர் பட்டன். பள்ளிக்கூடத்தில் வந்த பெயர். அவருடைய அக்கா தையல்காரி. ஊருக்கெல்லாம் பட்டன் வைத்துக் கொடுத்த அக்காவுக்குத் தம்பியின் சட்டையைப் பார்க்க மட்டும் நேரம் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் சின்னப் பையன், அக்காவுக்கு அப்போதுதான் இருபது. முன்னறையில் மிஷினைப் போட்டு, பேண்ட் இடுப்பைப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது, மடிப்பை இறக்குவது என்று தைத்தே தம்பியை ஆளாக்கினார். தம்பி நாற்பதைத் தாண்டியும் இருவரும் கல்யாணம் என்ற பேச்சை எடுக்காமலேயே ஒரே வீட்டில் இருந்தார்கள்.

பட்டன் டிரம்ஸ் வாசித்தார். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. சாப்பாட்டு மேசையில் விரல் தாளம் போட ஆரம்பித்தாலே அக்காவின் கத்தரிக்கோல் நின்றுவிடும்.

"தட்டுறதெல்லாம் ஒரு பொழப்பாடா? கதவைத் தட்டினாலாவது யாராவது திறப்பாங்க."

"திறந்து விடுறதுதான் நம்ம வேலையே, அக்கா," என்பார் பட்டன். விரலை மட்டும் நிறுத்த மாட்டார்.

அவர்கள் குழுவுக்கு 'நாலாவது மாடி' என்று பெயர். ஒரு பழைய கிடங்கின் நாலாவது மாடியில் சும்மா கிடந்த அறையில்தான் ஒத்திகை. கட்டடத்தின் கிழட்டு லிஃப்டை ஓட வைத்துக்கொண்டிருந்ததற்காகச் சொந்தக்காரர் பட்டனுக்கு அந்த அறையை விட்டிருந்தார். பாடகி ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் புகார் கேட்பவர். காலையிலிருந்து மாலை வரை ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, சாயங்காலம் மைக்கைப் பிடித்தால் யாரையும் மன்னிக்காத குரலில் பாடுவார். கிதார் வாசித்தவர் கணக்கு டியூஷன் எடுப்பவர், அதனால் வாத்தியார். பேஸ் கிதார் வாசித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர், அதனால் கண்ணாடி. ஒத்திகை நடுவே பட்டனின் போன் அடிக்கும். "லிஃப்ட் நிக்கும், விழாது" என்று சொல்லிக்கொண்டே குச்சிகளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மற்ற மூவரும் அவர் வரும்வரை ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் பாட்டுகள் எழுதி முடிய வருடக்கணக்கில் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படியோ ஒன்பது பாட்டு சேர்ந்தது. முதல் ஆல்பம். 'கதவருகே நிற்காதீர்கள்' என்று பாடகி பெயர் வைத்தார். பட்டன் வெட்கப்பட்டுக்கொண்டே லிஃப்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையே அட்டைப் படமாக்கினார்கள்.

ஒலிப்பதிவில் டிரம்ஸைத்தான் முதலில் எடுப்பார்கள். அதன் மேல்தான் மற்ற வாத்தியங்களும் குரலும் வந்து உட்காரும். பாதிப் பாட்டுகளுக்கு ஒரு தடவை, மீதிக்குச் சில மாதங்கள் கழித்து இன்னொரு தடவை என்று பட்டன் விடுப்பு எடுத்து வந்து வாசித்தார். ஒலிப்பதிவாளர் அவர்களையெல்லாம்விட இளையவர், நுணுக்கம் பார்க்கிற ஆள்.

"அண்ணே, வாசிக்கும்போது புசுபுசுன்னு மூச்சு விடுறீங்க. மைக்ல விழுது."

"மூச்சு விடாம வாசிக்கச் சொன்னா வேற ஆளைப் பாரு, தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். ஒலிப்பதிவாளர் அந்தச் சத்தத்தைப் பிறகு கணினியில் எடுத்துவிடலாம் என்றார், அப்படியே எடுத்தும் விட்டார். குரல், கிதார் எல்லாம் பதிந்து, ஆல்பம் முடிந்தது. வெளியீட்டுக்குச் சின்ன அரங்கம் ஒன்றைப் பிடித்தார்கள். அக்காவிடம் பட்டன் சொன்னபோது, "முன்வரிசைல உக்கார வெச்சுராதடா, காது போயிரும்" என்றார் அக்கா. வருவேன் என்று இதற்கு அர்த்தம். அவ்வளவு காலத்தில் அக்கா வருவதாக ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு முற்பகலில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். பட்டன் போனில் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மோட்டார் அறை மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இருந்தது. லிஃப்ட் ஓடாதபோது அதைச் சரிசெய்ய வருகிறவன் படியில்தான் ஏற வேண்டும். ஏறினார். காவலாளி பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து சாவியால் கதவைத் திறந்தார். பெண் வெளியே வந்ததும், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். அவள் வீட்டுக்குள் போய்த் தண்ணீரோடு திரும்பியபோது, படிக்கட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாள். பதில் இல்லை. மருத்துவமனையில் மாரடைப்பு என்றார்கள், உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் வாத்தியாரும் கண்ணாடியும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாடகி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள இருக்கிற வரைக்கும் அவர் பேசிட்டே இருந்தாருக்கா. பாப்பா பேரு என்னன்னு கேட்டாரு. அழுதா போனை அது காதுல வெக்கச் சொன்னாரு. மேல ஏறும்போதும் பேச்சை நிறுத்தல," என்றாள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி குடிச்சானா?" என்றார்.

"இல்லக்கா. கொண்டு வர்றதுக்குள்ள..."

அக்கா தலையாட்டினார். பிறகு எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியீட்டைத் தள்ளிவைப்பதா, விட்டே விடுவதா என்று மூவருக்கும் புரியவில்லை. பாடகி விட்டுவிடலாம் என்றார். இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அக்கா கண்ணாடிக் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்து, பிறகு கைப்பையிலிருந்து தம்பியின் போனை எடுத்தார்.

"நீங்க போட்டு வெச்ச பாட்டைக் கேட்டேன்டா. அந்தப் பொண்ணு பாடுறது கேக்குது. வாத்தியார் வாசிக்கிறது கேக்குது. இதுல என் தம்பி எங்க இருக்கான்?"

கண்ணாடி போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டிரம்ஸ் தூரத்தில் யாரோ துணி உதறுவது போலத்தான் கேட்டது. அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டு அக்காவை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

ஒலிப்பதிவாளர் அக்காவை உட்கார வைத்து ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு, பெரிய ஸ்பீக்கரிலும் ஓட விட்டார். பாட்டு தொடங்கியதும் குரலை அணைத்தார், கிதாரை அணைத்தார், பேஸை அணைத்தார். டிரம்ஸ் மட்டும் மிஞ்சியது. மெட்டு இல்லாத, வார்த்தை இல்லாத வெறும் அடி.

"இவன்தானா?" என்றார் அக்கா.

"இது மட்டும்தான் அக்கா. வேற யாரும் இல்ல."

அது சுத்தம் செய்வதற்கு முந்திய பதிவு. தொடங்கும் முன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது. "ஒண்ணு, ரெண்டு" என்று முணுமுணுத்தார் பட்டன். தப்பாக அடித்ததும், "ச்சே, மாட்டுப்பயலே" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இன்னொன்று போடச் சொன்னார். இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கேட்டார். கைகளை மடியில் வைத்து அசையாமல் இருந்தார், தைக்க உட்காரும்போது இருப்பதைப் போல.

ஆறாவது பாட்டில் அவர் முகம் மாறியது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இது எப்ப எடுத்தது?"

"ரெண்டாவது தடவ வந்தப்ப, அக்கா. கடைசி நாலு பாட்டும் அப்ப எடுத்ததுதான்."

"திரும்பப் போடு."

போட்டார். இப்போது மூவருக்கும் கேட்டது. அடிகளுக்கு நடுவே மூச்சு இழுத்து இழுத்து வந்தது. முதல் பாட்டுகளில் இருந்த புசுபுசு சத்தம் இதில் இல்லை. படி ஏறி வந்தவனின் மூச்சு அது. பாட்டு முடிந்து குச்சி கீழே வைக்கப்பட்ட பிறகும் அது அடங்க நேரமாயிற்று.

"மூச்சு வாங்குறான் பாரு," என்றார் அக்கா. "உக்காந்துட்டு வாசிக்கிறதுக்கு இவ்வளவு வாங்குமா?"

ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தம்னு நெனச்சு எடுத்துட்டேன் அக்கா. நாள் கணக்கா உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன்."

அக்கா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உன்னைச் சொல்லி என்ன. வீட்ல என் மிஷின் ஓடிட்டே இருக்கும். எனக்கும் கேக்கல."

வெளியே வரும் வழியில் கண்ணாடி தயங்கித் தயங்கிக் கேட்டார், கடைசிப் பாட்டின் முடிவில் அந்த மூச்சைத் திரும்பச் சேர்த்து வெளியிடலாமா என்று. அக்கா உடனே வேண்டாம் என்றார்.

"அவன் கஷ்டப்பட்டது ஊருக்கு எதுக்குடா? நல்லா வாசிச்சான்னு மட்டும் கேக்கட்டும். மத்தது என்கிட்ட இருக்கட்டும்." கொஞ்சம் நடந்துவிட்டு, "விழாவை நிறுத்தாதீங்க. ஆள் போட்டு வாசிங்க," என்றார்.

"வேற ஆளா, அக்கா?"

"இவன் போனதுக்கப்புறம் லிஃப்ட் எல்லாம் நின்னா போச்சு? வேற மெக்கானிக் வந்துட்டான்ல."

இன்னொரு குழுவில் வாசிக்கும் ஒருவரைக் கேட்டார்கள். வந்தார், பாட்டுகளை மரியாதையோடு கற்றுக்கொண்டார். ஒரு தப்பில்லாமல் வாசித்தார். அதுதான் மற்ற மூவருக்கும் தாங்க முடியாமல் இருந்தது. ஒத்திகை முடிந்து அவர் கிளம்பியதும் பாடகி அறையின் மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். ஒத்திகை நடுவே ஒருநாளும் போன் அடிக்கவில்லை.

வெளியீட்டன்று அரங்கத்தில் பாதி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வாத்தியாரின் மாணவர்கள், பாடகியின் அலுவலகத்தார், பட்டனோடு வேலை பார்த்தவர்கள் சிலர். அக்கா இஸ்திரி போட்ட புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாடகி பட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை பேச நினைத்து, முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டுப் பாட்டையே ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது பாட்டு நடக்கும்போது அக்கா எழுந்து வெளியே போனார். மேடையிலிருந்து அதைப் பார்த்த கண்ணாடி, அந்தப் பாட்டு முடிந்ததும் கிதாரை இறக்கி வைத்துவிட்டு ஓடினார்.

அக்கா நடைவழியில் சுவரில் ஒட்டியிருந்த பழைய விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, சத்தமா இருக்கா?"

"சத்தத்துக்கு என்ன. அந்தப் பையன் நல்லாத்தான் வாசிக்கிறான்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை தடவ போட்டுக் கேட்டிருப்பேன், அந்த மூணாவது பாட்டுல, அவ 'போ'ன்னு பாடுற இடத்துல நம்மாளு கொஞ்சம் லேட்டா அடிப்பான். இவன் சரியா அடிச்சிடுறான்."

அது பட்டன் திருத்திக்கொள்ளவே முடியாமல் போன பழக்கம். வாத்தியார் அதற்காக அவரோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார். கண்ணாடி அரங்கத்தின் கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க அக்கா," என்று மட்டும் சொன்னார்.

"நீ போ, உன்னைத் தேடுவாங்க. நான் இங்க நின்னே கேக்குறேன்."

மீதிப் பாட்டுகளை நடைவழியில் நின்றபடியே கேட்டார். விழா முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது அக்கா போய்விட்டிருந்தார்.

ஆல்பத்தைக் கேட்டவர்கள் அதிகமில்லை. ஒரு பாட்டு மட்டும் சில நாட்கள் அங்கங்கே ஓடியது. யாரோ முன்பின் தெரியாதவர் 'டிரம்ஸ் அருமை' என்று ஒரு வரி எழுதியிருந்தார். பாடகி அதை மற்ற இருவருக்கும் அனுப்பினார். கிடங்கின் லிஃப்ட் பழுதாகி, சொந்தக்காரர் அறையைத் திரும்பக் கேட்டார். காலி செய்து கொடுத்தார்கள். வாத்தியார் மணமாகி வேறு ஊர் போனார். பாடகி இன்னும் அதே அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆல்பம் என்ற பேச்சு பிறகு எழவே இல்லை.

கண்ணாடி மட்டும் மாதம் ஒரு தடவையாவது அக்காவைப் பார்க்கப் போவார். இருவரும் பட்டனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. விலைவாசி பற்றியும் அக்காவின் முழங்கால் வலி பற்றியும் பேசுவார்கள். ஒருமுறை போனபோது அக்கா அலமாரியிலிருந்து பட்டனின் வேலைக்கான நீல பேண்ட்கள் சிலவற்றை எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

"நல்ல துணி. சும்மா கிடக்குது. உனக்கு இடுப்புதான் பத்தாது, பிரிச்சு விட்டா சரியா வரும். நில்லு."

கண்ணாடி கூச்சத்தோடு எழுந்து நின்றார். அக்கா நாடாவைச் சுற்றி, படித்துப் பார்த்து, மறுபடி சுற்றினார்.

"வயித்த உள்ள இழுக்காதடா. சாதாரணமா மூச்சு விடு. அப்பத்தான் அளவு தெரியும்."

அவர் மூச்சை விட்டார். அக்கா அளவைச் சாக்கட்டியால் துணியின் உட்புறத்தில் குறித்துக்கொண்டு, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.