ஈசானி மூலையும் வாயு மூலையும்

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே காலி மனையில் வீடு எழும்பி, தளம் போட்டு முடிக்கிறவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போனபோது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாறைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் வட்டமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிமெண்ட் உறைகளை உருட்டி வைத்திருந்தார்கள். கக்கூஸ் குழி.

சுவருக்கு இந்தப் பக்கம், என் காலடியிலேயே, எங்கள் போர்வெல். நடுவில் ரெண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம்.

உறைக்கு அடி கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிவிட்டால் உள்ளே போகிறதெல்லாம் மண்ணில் இறங்கும். “சீக்கிரம் நிறையாது” என்று கட்டுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நிறையாமல் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

குடிக்க நாங்கள் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனால் அரிசி கழுவ, காய் கழுவ, பல் விளக்க எல்லாம் போர்த் தண்ணீர். பேரன் குளிக்கும்போது தலையில் ஊற்றுகிற தண்ணீரை வாயைத் திறந்து பிடித்துக் குடிப்பான். போன மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து கண் உள்ளே போய்விட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தேடினார்கள். அந்தக் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மகன் வந்ததும் சொன்னேன்.

“அவங்க குழி நம்ம போர் கிட்டவே வருது நைனா.”

“வடமேற்கு வாயு மூலையிலதான் போடுவாங்க. வாஸ்து. நம்மளும் அங்கதான போட்டுக்கிறோம்?”

“நீ போய் ஒரு வார்த்த சொல்லேன்.”

“ஞாயித்துக்கெழம பாக்கலாம். அவங்க இன்னும் குடியே வர்ல, அதுக்குள்ள சண்டயா?”

“அதுக்குள்ள உறை எறங்கிப்பூடுமே.”

“போர் முன்னூறு அடிக்குக் கீழ போவுது. குழி பத்தடி. நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற? துன்னுட்டுப் படும்மா.”

மேலே இருக்கிற அழுக்கு பைப்பை ஒட்டிக்கொண்டே கீழே இறங்காதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் புத்தூர் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அவன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

மறுநாள் அந்த வீட்டு அம்மா பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்திருந்தாள். தெலுங்குக்காரி, என் மகள் வயதிருக்கும். நான் சுவர் வரைக்கும் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, கொடியில் காயாத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மறுபடி போனேன். மறுபடியும் வாய் வரவில்லை. வேற்று மனுஷர் எதிரில் எனக்கு எப்போதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மருமகள்கூடக் கிண்டல் செய்வாள், “அத்த பேசணும்னா பஞ்சாங்கம் பாக்கணும்” என்று.

மேஸ்திரி முதல் உறைக்குக் கயிறு கட்டினான். அப்போதுதான், “ஆகண்டி! நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

அந்த அம்மா எழுந்து ஓடிவந்தாள். “ஏமைந்தம்மா?”

பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னேன். இது எங்கள் போர், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அந்த உறைக்கு அடி இல்லை என்று.

அவள் முகம் மாறியது. “நாங்க இஷ்டத்துக்குத் தோண்டல. வாஸ்து பிரகாரம் வாயு மூல. உங்க போரை இந்த மூலையில போடச் சொன்னது யாரு?”

“எங்க வாஸ்துக்காரர்தான். தண்ணி வடகிழக்கு ஈசானி மூலையில இருக்கணும்னாரு.”

மேஸ்திரி கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். “ரெண்டு வாஸ்துவும் கரெக்டும்மா. நடுவுல சுவரு கட்டினதுதான் தப்பு.”

அவள் சிரிக்கவில்லை. “சரி, உங்க டேங்க் எங்க இருக்கு?”

மேற்குப் பக்கம் கையைக் காட்டினேன். காட்டின கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வாயு மூலைக்கு அந்தப் பக்கம் மேற்கு வீட்டின் ஈசானி மூலை. அங்கே அவர்கள் போர்.

“அதுக்கு அடி இருக்கா?”

தெரியவில்லை.

“லாரி விட்டு எடுத்து எத்தன வருஷமாச்சு?”

“எடுத்ததே இல்ல. நெறஞ்சதே இல்ல.”

அவள் திரும்பித் தன் வீட்டுக்குக் கிழக்கே பார்த்தாள். அவளுடைய போரை ஒட்டி ஒரு காலி மனை கிடந்தது. நாளைக்கு அங்கேயும் யாராவது வருவார்கள், அவர்களுக்கும் ஒரு வாயு மூலை இருக்கும். கொஞ்ச நேரம் போனில் வீட்டுக்காரரோடு பேசினாள். பிறகு மேஸ்திரியிடம் உறையை வண்டியில் ஏற்றச் சொன்னாள். அடியில் காங்கிரீட் போட்டு, செங்கல் கட்டி, உள்ளே பூசின தொட்டியாகப் போடச் சொன்னாள். அதுவும் போரைவிட்டுத் தள்ளி, வாசல் பக்கம். போகிறபோது சொன்னாள்: “நீங்களும் தெறந்து பாருங்கம்மா.”

மகன் தலையில் அடித்துக்கொண்டான். “அவங்க குழிய மூடப் போய், நம்ம குழியத் தோண்டிக்கினு வந்துக்கீறியே!”

ஆனாலும் டேங்க் எடுக்கிற லாரியை வரவழைத்தான். மூடியைத் தூக்கியதும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை, குழாய் விட்டுத்தான் உறிஞ்சினார்கள். இழுத்து முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உறை, அதற்குக் கீழே உறை, அதற்குக் கீழே மண். அன்றைக்கே மகன் மேஸ்திரியிடம் புதுத் தொட்டிக்குப் பேசிவிட்டான்.

“மேற்கு வீட்டுக்கு யாரு சொல்றது?” என்றேன்.

“வேல முடியட்டும்மா. இப்ப சொன்னா சண்டதான்.”

வேலை முடிய எத்தனை நாளாகுமோ. மேற்கு வீட்டில் கேன் வாங்கி நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் அவர்கள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. என்னால் உட்கார முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் போய் அவர்கள் கேட்டைத் தட்டினேன்.

அந்த வீட்டு மருமகளுக்கு ஆச்சரியம். “பெரிம்மா! வழி தப்பி வந்துட்டீங்களா? உக்காருங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “வெயில்ல வந்துக்கீறீங்க, குடிங்க. எங்க போர் தண்ணிதான். கேன் தண்ணி மாதிரி சப்புனு இருக்காது.”

வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை. கீழே வைத்தேன்.

“இதக் குடிக்காதம்மா” என்றேன். “எங்க குழிக்கு அடி இல்ல. நேத்துதான் பாத்தோம்.”

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, “எத்தன நாளா பெரிம்மா?” என்று கேட்டாள்.

“நாங்க வீடு கட்டினதுலருந்து” என்றேன்.